சரசு பின்னால் தூங்குகிறாள்

மனைவியைத் தொலைத்துவிட்டு, தொலைத்ததே தெரியாமல் அறுபது கிலோமீட்டர் தூரம் அவளோடு பேசிக்கொண்டே போன ஆள் நான். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். முப்பத்தைந்து வருஷமாக ஒரு கீறல் விழாமல் வேன் ஓட்டுகிறேன், அதைச் சொல்ல ஒருத்தர் இல்லை. (சொல்கிற ஓரிருவரும், "வேன நல்லா பாத்துக்குவாரு, பொண்டாட்டியத்தான்..." என்று இழுப்பார்கள்.)

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. வண்டி நின்றால் என் கால் ஆடும். கடையில் தேத்தண்ணி ஆறும் வரை பொறுக்க முடியாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டே முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. சீசன் காலத்தில் ஹயர், அதாவது வாடகைச் சவாரி, பிடித்துச் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களை மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறக்கிவிட்டால், அவர்கள் ஏறி இறங்கி வரும் வரை மற்ற டிரைவர்மார் சீட்டைச் சாய்த்து நன்றாகத் தூங்குவார்கள். நான் வேனை வெளியே எடுத்து, திருப்பி, மறுபடி உள்ளே விட்டு, அது சரியில்லை என்று மறுபடி வெளியே எடுப்பேன். எங்கே போனாலும் அடுத்து எப்போது கிளம்புவது என்பதுதான் என் நினைப்பு.

நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வியாதியையும் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு நோர்வேக்குப் போனேன். எங்கள் ஒரே மகள் நிரோஷா அங்கே படிக்கப் போய், அங்கேயே வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணமும் முடித்திருந்தாள். அவள் மாசமாக இருந்தாள். சரசு, அதாவது என் மனைவி, மகளுக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடப் போனாள். நான் ஏன் போனேன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டிக்கெட் ரெண்டாக வந்தது, அதனால் போனேன்.

மூன்றாம் நாளே மகள் வீட்டில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு நடந்தேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த குழாயைக் கழற்றிப் பூட்டினேன், அது ஒழுகத் தொடங்கியது. "அப்பா, கொஞ்சம் உக்காருங்களேன்" என்று நிரோஷா கெஞ்சினாள். உட்கார்ந்தேன். கால் ஆடிய ஆட்டத்தில் மேசையில் இருந்த கிளாஸ் நகர்ந்து விளிம்புக்குப் போனது.

மருமகன் யாழ்ப்பாணத்துப் பையன், பொறுமைசாலி. அவருடைய பொறுமையும் பத்தாவது நாள் தீர்ந்துவிட்டது. அன்று வேலை முடிந்து வரும்போது கூட்டாளி ஒருவரின் கேம்பர் வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "மாமா, நாலு நாளைக்கு இது உங்களுக்குத்தான். மாமியைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுத்திப் பாத்திட்டு வாங்கோ" என்றார். வெள்ளைக்காரன் ஊரில் மாமனாரை வீட்டை விட்டுத் துரத்தும் மரியாதையான முறை இதுதான் என்று பிறகு விளங்கிக்கொண்டேன்.

அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே அடுப்பு இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது, மெத்தை, ஃபிரிட்ஜ், ஆள் உள்ளே போனால் திரும்ப முடியாத ஒரு டொய்லட், எல்லாம் இருந்தன. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் மேசை போட்ட சீட், அதற்கும் பெல்ட். சரசு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒரே அறையில், ஆறு பேரோடு பிறந்து வளர்ந்தவள். ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேர்த்தியா ஒரு வீட்ட கட்டி, அதுக்குப் போயி ஓடுறதுக்குச் சில்லு வெச்சிருக்காங்களே" என்றாள். மடக்கி வைத்திருந்த ரெண்டு நாற்காலிகளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "எங்கயாச்சும் தண்ணிக்கரையில இத விரிச்சுப் போட்டு ஒரு மணித்தியாலம் உக்காரணுங்க. நான் தேத்தண்ணி ஊத்துறேன்."

"அதுக்கென்ன, உக்காந்தா போச்சு" என்றேன். கல்யாணம் கட்டி இருபத்தேழு வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் போகிற முதல் பயணம் அது.

நிரோஷா சட்டதிட்டங்களைச் சொன்னாள். ரோட்டின் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். பெல்ட் போட வேண்டும். ஓடும்போது ஃபோனைத் தொடவே கூடாது, பிடித்தால் பெரிய தண்டம். "முக்கியமா, அப்பா, ஹோன் அடிக்காதீங்க. இங்க ஹோன் அடிச்சா கெட்ட வார்த்தையில ஏசுற மாதிரி."

ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வரைக்கும் வளைவுக்கு வளைவு ஹோன் அடித்துப் பழகிய கை இது. முதல் நாள் மட்டும் நோர்வே நாட்டு மக்களில் எத்தனை பேரைக் கெட்ட வார்த்தையில் ஏசினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வளைவில், எதிரே ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், நாலு ஆடுகளை ஏசினேன்.

அந்த ஊரில் அருவி என்பது நம் பஸ் ஸ்டாண்டில் நாய் மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்துவேன். சரசு இறங்கி, தலையில் துண்டைப் போர்த்தி, அண்ணாந்து பார்ப்பாள். அவள் கழுத்து முழுசாக நிமிர்வதற்குள் நான், "பாத்தாச்சா? ஏறு" என்பேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊரிலாவது ஆறரைக்கு இருட்டி மனுஷனை அடக்கிவிடும். அங்கே ஜூன் மாசத்தில் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்திலும் வெளிச்சம். "இன்னும் பொழுது இருக்கே" என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். சரசு வேனுக்குள் சோறாக்கி, பருப்பும் கருவாட்டுப் பொரியலும் செய்தாள் (கருவாடு ஹட்டனிலிருந்து போனது). அதை நான் ஸ்டியரிங்கில் தட்டைச் சாய்த்து வைத்துச் சாப்பிட்டேன். நாற்காலிகள் மடக்கியபடியே இருந்தன. ஒவ்வொரு தடவை அவள் கேட்டபோதும், "நாளைக்கு" என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு ஏரி வந்தது. கரையில் புல், அதில் சின்னச் சின்ன மஞ்சள் பூ, ஆள் அரவம் இல்லை. "இங்க நிப்பாட்டுங்க" என்றாள் சரசு.

"பெறகு பாப்போம். ஃபெரிக்குப் பிந்திரும்."

அந்த ஊரில் கடல் மலைக்குள் புகுந்து கிடக்கும். பாதை தண்ணீரில் போய் முடியும், அங்கே வாகனங்களை ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் கப்பல்தான் ஃபெரி. அரை மணிக்கு ஒன்று வரும். அதற்குப் பிந்துவது என்று ஒன்று கிடையாது, அடுத்ததில் போகலாம். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அடுத்துப் பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் எழுந்து, "எனக்குத் தல சுத்துது, நான் பின்னால உக்காந்துக்கிறேன்" என்று சொல்லித் திரையை இழுத்து மூடினாள். திரையை அவள் இழுத்த விதத்திலேயே தலைசுற்றலுக்குக் காரணம் ரோடு இல்லை என்று தெரிந்தது.

மத்தியானம் ரெண்டரை மணி போல, ரோட்டோரத்தில் வாகனங்கள் ஓய்வெடுக்கும் ஓர் இடத்தில் நிறுத்தினேன். நாலைந்து மரமேசைகள், ஒரு டொய்லட், பக்கத்தில் இன்னொரு கேம்பர் வேன். நான் இறங்கி, வழக்கம்போல டயர்களை ஒவ்வொன்றாக உதைத்து வேனை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஃபோனில் வரைபடம் பார்த்தேன். அடுத்த ஃபெரித் துறைக்குச் சரியாக ஒரு மணி நேர ஓட்டம் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். டப்பென்று கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரி, அவளும் ரெடி என்று கிளம்பிவிட்டேன்.

(அது பக்கத்து வேனின் கதவு. பிற்பாடு விசாரணையில் தெரிய வந்தது.)

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இருந்த அமைதி என்னை என்னவோ செய்தது. சரசுவின் கோபம் எனக்குப் புதிது இல்லை. ஆனால் வீட்டில் அவள் கோபமாக இருந்தால் சட்டி பானையாவது பேசும். இங்கே அதுவும் இல்லை. முன்னால் நேரான ரோடு, ஹோன் அடிக்க வழியில்லை, ஃபோனைத் தொட வழியில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நான் பேசத் தொடங்கினேன்.

"கோவமா சரசு?"

பதில் இல்லை.

"கோவப்படு. நியாயந்தான்."

அதற்கும் பதில் இல்லை. பொதுவாக இந்த இடத்தில் "ஆமா, நியாயத்தப் பத்தி நீங்க பேசுங்க" என்று ஒன்று வரும். வரவில்லை என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. இருபத்தேழு வருஷத்தில் என் பேச்சை அவள் குறுக்கிடாமல் கேட்பது இதுதான் முதல் தடவை என்று நினைத்தேன்.

"கல்யாணத்துக்கு மறுநாளே நல்லதண்ணிக்கு ஹயர் போனேன். சீசன் டைம், விட்டா கெடைக்காதுன்னேன். நீ புதுப்பொண்ணு, கழுத்துல மஞ்சக்கயிறு காயல. சோத்துக் கேரியர தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, எந்த வேன் எங்க வேன்னு தெரியாம ஒவ்வொரு வேனா எட்டிப் பாத்தியாமே. அங்க இருந்தவங்க அப்பறம் சொன்னாங்க. நான் ஒன்கிட்ட அதப்பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல."

ரோட்டின் ரெண்டு பக்கமும் பைன் மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"நிரோஷா பொறந்தப்ப நான் கதிர்காமத்துல இருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து புள்ளைய தூக்கினேன். வெளியில எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்திச்சு. நீ கட்டில்ல படுத்துக்கிட்டே, 'அத நிப்பாட்டிட்டு வாங்க'ன்னு சொன்ன. நான் 'இந்தா கெளம்பிட்டேன்'னு சொன்னேன்."

எனக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்கே தெரியாது. கண்ணாடியில் திரை மட்டும் லேசாக ஆடியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாத சரசு. ஒன்னைய நான் எங்கயும் ஒக்கார வெக்கல. எல்லா எடத்துக்கும் கூட்டிட்டுப் போனேன்னு ஊருக்குச் சொல்லிக்கிறேன். எங்கயும் ஒக்கார வெக்கல."

திரைக்குப் பின்னால் அவளுடைய ஃபோன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. "எடுத்துப் பேசு" என்றேன். எடுக்கவில்லை. என் பேச்சில் அவ்வளவு உருகிப்போய்விட்டாள் போலிருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு முன்னால் மாட்டியிருந்த என் ஃபோனும் அடிக்க ஆரம்பித்தது. ஃபோன் திரையில் 'பாக்கியக்கா' என்று விழுந்தது. பாக்கியக்கா சரசுவின் உடன்பிறந்த அக்கா, ஹட்டன் பக்கத்தில் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். தண்டத்துக்குப் பயந்து நான் தொடவில்லை. ஐந்து தடவை அடித்தது.

ஃபெரி நின்றுகொண்டிருந்தது. நேராக உள்ளே விட்டேன், என் பின்னால் கதவு மூடியது, கப்பல் நகர்ந்தது. பார்த்தீர்களா, ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை. ஆறாவது தடவை ஃபோன் அடித்தபோது எடுத்துப் பேசினேன்.

"தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றாள் பாக்கியக்கா. குரல் மிக மென்மையாக இருந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"நல்லா இருக்கோங்க்கா. கப்பல்ல போய்க்கிட்டு இருக்கோம்."

"சரசு எங்க?"

"பின்னால தூங்குறாக்கா."

"தூங்குறாளா?"

"அசந்து தூங்குறா. நான் எழுப்பல, பாவம்."

"சாப்பிட்டாளா?"

"இப்பதான் சாப்பிட்டுப் படுத்தா." (இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. யார் கேட்டாலும் நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு பழக்கம்.)

"நல்லா பாத்துக்கிறீங்களா தம்பி அவள?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிறேன்."

"அப்ப கண்ண நல்லா கசக்கிப் பாருங்க தம்பி. அதுக்குள்ள இருக்காளான்னு."

ஃபோனுக்குள் ஒரு பெரிய கூட்டம் சிரித்தது. எங்களுக்கு மத்தியானம் மூன்றரை என்றால் ஹட்டனில் பின்னேரம் ஏழு. மலையை விட்டு இறங்கி, பீலியில் தண்ணி பிடித்து முடித்த பெண்கள் எல்லாரும் பாக்கியக்கா வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். அவள் ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தாள்.

நான் திரையை இழுத்தேன். சீட்டில் ஒரு தலையணை. அதன் மேல் சரசுவின் துண்டு. பக்கத்தில் அவளுடைய ஹேன்ட்பேக், அதற்குள் ஃபோன், சீனி வியாதிக்குப் போடும் மாத்திரை, பாஸ்போர்ட்.

இந்த இடத்தை மட்டும் நான் இன்னும் வேடிக்கையாகச் சொல்லப் பழகவில்லை. சிங்களமும் தமிழும் தவிர வேறு பாஷை தெரியாத பெண். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எந்த ஊரில் நின்று எந்த ஊருக்குக் கிளம்பினோம் என்று எனக்கே பெயர் சொல்ல வராது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இப்போது கடல் வேறு வந்து கிடந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட கப்பல்காரர் ஒருவர் நின்றார். "மை வைஃப்! மை வைஃப் மிஸ்ஸிங்!" என்று கத்தி, நாங்கள் வந்த திசையைக் கையால் காட்டினேன்.

அந்தத் திசையில் தண்ணீர்தான் இருந்தது.

அவர் முகம் வெளுத்தது. "வென்?" என்று கேட்டார்.

"யெஸ், யெஸ், வேன்! ஃப்ரொம் வேன்!"

அவர் ரேடியோவில் ஏதோ சொன்னார். கப்பல் உறுமி, வேகம் குறைந்து, நடுக்கடலில் நின்றது. மணி அடித்தது. காரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இறங்கி ஓரத்துக்கு ஓடி வந்து தண்ணீரைத் தேடினார்கள். ஒரு வயதானவர் எங்கிருந்தோ மிதவை வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓர் இளைஞன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டான். ஆரஞ்சு ஜாக்கெட்காரர் என்ன உடுப்பு என்று கேட்டார். நானும் உதவியாக இருக்கட்டும் என்று, "புளூ சுடிதார், ரெட் ஸ்வெட்டர்" என்று விளக்கமாகச் சொன்னேன். நாற்பது பேர் சிவப்பு ஸ்வெட்டரைத் தேடினார்கள்.

என் கையில் இருந்த ஃபோனுக்குள்ளிருந்து பாக்கியக்கா கத்தினாள். "தம்பி! ஏந்தம்பி மணி அடிக்குது? அவ தண்ணியில விழல! கக்கூசு வாசல்ல நிக்கிறா!"

அந்த வார்த்தை என் மண்டையில் ஏறியதும், "நோ வாட்டர்! டொய்லட்! வைஃப் டொய்லட்!" என்றேன். உடனே ரெண்டு பேர் கப்பலின் டொய்லட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டிய பிறகு ஒரு பெரிய மனுஷர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"யார் பேசுறது?" என்று ஃபோனைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார் ஆரஞ்சு ஜாக்கெட்.

"வைஃப் சிஸ்டர். ஸ்ரீலங்கா."

"மனைவி ஸ்ரீலங்காவிலா இருக்கிறார்?"

கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து என் ஃபோனில் வரைபடத்தைத் திறந்து நீட்டினாள். நாங்கள் ஓய்வெடுத்த இடத்தில் விரலை வைத்தேன். பிறகு என் நெஞ்சில் வைத்தேன். பிறகு ஃபெரியில் வைத்தேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கேப்டன் மேலேயிருந்து இறங்கி வந்து என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, தன் பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னார். அவ்வளவு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சொல்லை அப்படியே மனப்பாடம் பண்ணி வந்து மருமகனிடம் அர்த்தம் கேட்டேன். "அது வந்து மாமா... காலநிலை பற்றினது" என்றார்.

கப்பல் திரும்பவில்லை. அக்கரைக்குப் போய், வேனை இறக்கி, மறுபடி வரிசையில் நின்று, அடுத்த ஃபெரியில் ஏறித்தான் இக்கரைக்கு வர முடியும் என்றார்கள். வரிசையில் நின்ற அந்த நாற்பது நிமிஷம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நாற்பது நிமிஷம். முன்னால் போக முடியாது, திருப்ப முடியாது. ஃபோனில் பாக்கியக்கா மட்டும் துணைக்கு இருந்தாள். அவள் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. சரசு டொய்லட்டிலிருந்து வெளியே வந்தபோது வேன் இல்லை. பக்கத்து வேனில் ஒரு கிழவனும் கிழவியும். அந்த அம்மாவிடம் ஃபோன் வாங்கினாள். எங்கள் நோர்வே நம்பர்கள் ஒன்றும் அவளுக்கு ஞாபகமில்லை. வாயில் வந்த ஒரே நம்பர் அக்காவுடையது. எந்த ஃபெரி, எந்த இடம் என்பதை அந்த வெள்ளைக்கார அம்மா ஆங்கிலத்தில் சொல்ல, பாக்கியக்கா பக்கத்து லயத்து வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டாளாம். அவர்களே சரசுவைத் தங்கள் வேனில் ஃபெரித் துறைக்குக் கூட்டி வருகிறார்களாம்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணுகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க தம்பி" என்றாள் பாக்கியக்கா.

"அக்கா, நான் அவ இருக்கான்னு நெனச்சு இவ்வளவு நேரமும் அவகிட்டத்தான் பேசிக்கிட்டு வந்தேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் முழு லயமும் சிரித்தது.

இக்கரையில் இறங்கியபோது, ஃபெரித் துறைக்கு மேலே இருந்த புல்வெளியில் ஒரு பழைய வெள்ளைக் கேம்பர் வேன் நின்றது. முன்னால் ஒரு சின்ன மேசை, மூன்று நாற்காலி. நடு நாற்காலியில், கிழவியின் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஜாம் தடவிய வாஃபிளைக் கடித்துக்கொண்டிருந்தாள் சரசு. நான் எதிர்பார்த்தது அழுகையை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வேனை நிறுத்தி ஓடிப் போனேன். அவள் எழும்பவில்லை.

"வந்துட்டீங்களா? எஞ்சின நிப்பாட்டிட்டு வாங்க" என்றாள்.

திரும்பிப் போய் நிறுத்திவிட்டு வந்தேன்.

கிழவி என் கையைக் குலுக்கினாள். பெயர் இங்ரித் என்றாள். பெயரைச் சொன்ன தொனி, பள்ளிக்கூடத்தில் பிந்தி வந்தவனைப் பார்க்கிற தொனி. கிழவர் நாலாவது நாற்காலியை எடுத்து வந்து விரித்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

"பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"மொதல்ல பயந்தேன். தமிழ்ல சொன்னேன், அவங்களுக்குப் புரியல. சரி, தமிழ் இல்லாத ஆளுங்கதானேன்னு சிங்களத்துல 'மகே மஹத்தயா கியா', எங்க வீட்டுக்காரரு போயிட்டாருன்னேன், அதுவும் புரியல. அப்பறம் ரோட்டக் காட்டி கையால ஒரு வேன் போற மாதிரி காட்டினேன். அந்தம்மாவுக்குச் சட்டுன்னு புரிஞ்சு போச்சு. அவங்க வீட்டுக்காரரையும் காட்டி அதே மாதிரி கைய ஆட்டினாங்க." சரசு இன்னொரு துண்டு வாஃபிளை எடுத்தாள். "மூணு நாள்ல இன்னைக்குத்தாங்க ஒரு எடத்துல உக்காந்தேன்."

நாலு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு ஃபெரி வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. என் கால் ஆடத் தொடங்கியபோது சரசு குனிந்து பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

"அக்கா சொன்னா. வழிநெடுக என்கிட்ட பேசிக்கிட்டே போனீங்களாமே. என்ன பேசினீங்க?"

வாயைத் திறந்தேன். சற்று முன்னால் அருவி மாதிரி கொட்டியதில் ஒரு சொட்டுகூட வரவில்லை. திரைக்குச் சொன்னது முகத்துக்கு நேரே வரவில்லை.

"ரோட்ட பத்தி" என்றேன்.

"அறுபது கிலோமீட்டருமா?"

"நல்ல ரோடு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் கையில் கொடுத்தாள். ஆறும் வரை பொறுத்துக் குடித்தேன்.

மகளுக்குச் சொல்லக்கூடாது என்று நாங்கள் ரகசியம் காத்தது மறுநாள் காலை வரைக்கும்தான். கப்பலில் மிதவை வளையம் தூக்கி வந்தவர் பக்கத்தில் நின்ற என்னை யாரோ படம் எடுத்துப் போட்டு, அது சுற்றிச் சுற்றி மருமகனின் வேலையிடம் வரை வந்துவிட்டது. நிரோஷா சிரித்த சிரிப்பில் குழந்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக உதைத்ததாம். ஆகவே என் பேத்தியை முதலில் சிரிக்க வைத்தவன் நான் என்று உரிமை கோரி வைத்திருக்கிறேன். அவளுக்கு இப்போது நாலு வயசு ஆகப்போகிறது. வீடியோவில் என்னைக் கண்டால் அவள் கேட்கும் முதல் கேள்வி, "தாத்தா, அம்மம்மா ஏறிட்டாங்களா?"

ஹட்டனில் இறங்கிய அன்று பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர், "அண்ணே, மதினிய எந்தக் கரையில விட்டுட்டு வந்தீங்க?" என்றான். இன்றைக்கும் நான் வேனைக் கிளப்பினால் நாலு பக்கமிருந்தும், "எல்லாரும் இருக்காங்களான்னு கண்ணக் கசக்கிப் பாருண்ணே" என்று குரல் வரும்.

ஆனால் சரசு, வழிநெடுக நான் என்ன பேசினேன் என்ற கேள்வியை விடவில்லை. ஊருக்கு வந்து ஒரு மாசம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே மழை. நான் கூடத்தில் நாற்காலியில் இருந்தேன். அவள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழும்பி வந்து குசினிக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்னங்க, நான் இங்க இல்ல. பேசுங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"நான் இல்லன்னா ஒங்களுக்குப் பேச வருதே. பேசுங்க."

சிரித்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. துருவுகிற சத்தம் மறுபடி தொடங்கியது. நான் மூடிய கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். சோத்துக் கேரியரைச் சொன்னேன், ஆஸ்பத்திரி வாசலில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைச் சொன்னேன். துருவுகிற சத்தம் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய வேகத்தில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியாமல், இன்னொன்றையும் சொல்லிவிட்டேன்.

"ஒன் தம்பி கல்யாணத்தன்னிக்கி எறம்பொடையில வேன் மக்கர் பண்ணிருச்சு, அதான் வர முடியலன்னு சொன்னேன்ல சரசு. மக்கர் பண்ணல. நல்ல ஹயர் ஒண்ணு வந்திச்சு, போயிட்டேன்."

உள்ளே மூக்கு உறிஞ்சுவது நின்றது.

"அந்த எறம்பொட கதைய மட்டும்" என்றது கதவு, "இன்னொரு தடவ சொல்லுங்க."

போன மாசம் கண்டியிலிருந்து வரும்போது, இறம்பொடை அனுமார் கோயிலுக்குக் கீழே, நிஜமாகவே வேனின் எஞ்சின் பெல்ட் அறுந்து நடுரோட்டில் நின்றுவிட்டேன். மழை. மெக்கானிக் வர மூன்று மணித்தியாலம் ஆகும் என்றான். வீட்டுக்கு ஃபோன் எடுத்து, "சரசு, எறம்பொடையில வேன் மக்கர் பண்ணிருச்சு" என்றேன்.

"சரி சரி" என்றாள் சரசு. "ஹயர முடிச்சிட்டு மெதுவா வாங்க."